அடிநாதமே ஆல்பமாக: ‘தி லோ எண்ட் தியரி’ எப்படிக் கட்டப்பட்டது

‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ பாட்டைப் போட்டதும் முதலில் காதில் விழுவது ஒரு டபுள் பேஸ், அதாவது நிற்கவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம். விரல் தந்தியை இழுத்து விடுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. கீபோர்டு இல்லை, ஊதுவாத்தியம் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. அந்த ஒற்றை வாத்தியத்தின் மேலேயே ராப் பாடகர் க்யூ-டிப் பேச ஆரம்பிக்கிறார். பதின்வயதில் தான் ஹிப் ஹாப் கேட்டுக்கொண்டிருந்ததையும், அதைக் கேட்டால் தனக்கு பீபாப் என்ற ஜாஸ் பாணி நினைவுக்கு வருகிறது என்று அப்பா சொன்னதையும் சொல்கிறார். ட்ரம்ஸ் அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் குழுவின் இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பமான ‘தி லோ எண்ட் தியரி’ இப்படித்தான் திறக்கிறது. ஜைவ் இசை நிறுவனம் இதை 1991 செப்டம்பர் 24 அன்று வெளியிட்டது.

அந்தக் காலத்து ஹிப் ஹாப் எப்படி ஒலித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் இந்தத் தொடக்கத்தின் துணிச்சல் புரியும். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் தயாரிப்பாளர்கள் சைரன், கூச்சல், கிட்டார், பேச்சு என்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் போலக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரைப்பின் நெருங்கிய தோழர்களான டி லா சோல் குழு 1989-இல் தந்த முதல் ஆல்பம் வண்ணத்துணுக்குகளால் ஆன ஒட்டுச்சித்திரம். ட்ரைப்பின் முதல் ஆல்பமும் (1990 ஏப்ரல்) அந்த விளையாட்டு மனநிலையில்தான் இருந்தது. இரண்டாவது ஆல்பத்தில் அவர்கள் எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தால்தான் அதன் கட்டுமானம் பிடிபடும். பெரும்பாலான பாட்டுகளில் மிஞ்சுவது பேஸ், ட்ரம்ஸ், இரண்டு குரல்கள், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் ஓர் ஊதுவாத்தியத் துணுக்கு, அவ்வளவுதான். மெட்டு செய்யவேண்டிய வேலையைக் கீழ்ஸ்தாயி செய்கிறது.

ஆல்பத்தின் பெயருக்கு இரண்டு பொருள். ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘லோ எண்ட்’ என்றால் அடிநாத அதிர்வெண்கள். தெருவில் அதே சொல், சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்ட கறுப்பின ஆணின் நிலையைக் குறிக்கிறது. முகப்பில் சிவப்பும் பச்சையும் பூசிய பெண்ணுருவம் கறுப்புப் பின்னணியில் தெரிகிறது. மூன்றும் ஆப்பிரிக்க அமெரிக்க விடுதலை இயக்கக் கொடியின் நிறங்கள்.

குழு நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியைச் சேர்ந்தது. க்யூ-டிப், ஃபைஃப் டாக், டிஜே அலி ஷாஹீத் முஹம்மது, ஜரோபி வைட் என நால்வர். சமையற்கலை படிப்பதற்காக ஜரோபி விலகிப்போனதால் இந்த ஆல்பத்தைத் தாங்கியவர்கள் மூவர். பதிவு 1990-இலும் 1991-இலும், பெரும்பகுதி மன்ஹாட்டனில் உள்ள பேட்டரி ஸ்டூடியோஸில் நடந்தது. ஒலிப்பொறியாளர் பாப் பவர். ஜாஸ் பின்னணியிலிருந்து வந்த கிட்டார் கலைஞரான அவரை இந்த ஆல்பத்தின் மறைமுக உறுப்பினர் என்றே சொல்லலாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

கீழ்ஸ்தாயி என்றால் எவ்வளவு கீழே?

டபுள் பேஸின் தடித்த தந்தியை விரலால் அழுத்தாமல் அப்படியே விட்டு மீட்டினால் எழுவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். மெல்லிய நான்காவது தந்தி 98 ஹெர்ட்ஸ். ஒரு ஹிப் ஹாப் பாட்டில் கிக் ட்ரம்மின் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) உடல் கிட்டத்தட்ட 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் உட்காரும். அதாவது இரண்டும் ஒரே திண்ணையில் இடம் கேட்கின்றன. இரண்டையும் ஒரே ஒலியளவில் உட்கார வைத்தால் ஒன்றை ஒன்று மூடிவிடும். பேஸ் சுரம் மங்கிப்போகும், கிக் ‘தொப்’ என்று உயிரில்லாமல் விழும். அனுபவமில்லாத கைகள் செய்த பீட்டில் பேஸ் சேற்றில் கால் வைத்தது போலக் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, அதிர்வெண்ணில் பிரிப்பது: கிக்குக்கு 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை கொடுத்தால் பேஸில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தாழ்த்தி, அதன் அடையாளத்தை 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் தேடுவது. இன்னொன்று, நேரத்தில் பிரிப்பது: கிக் விழும் நொடியில் பேஸ் சுரம் தொடங்காமல் பார்த்துக்கொள்வது. ‘தி லோ எண்ட் தியரி’யில் இரண்டாவது வழி அடிக்கடி தெரிகிறது. ஜாஸ் பேஸ் வாசிப்பவர் ட்ரம்மரோடு உரையாடுவது போல இடைவெளி விட்டு வாசிப்பார். அந்த இடைவெளிகளில் கிக்கை வைத்தால் சண்டையே வராது. ஃபங்க் பேஸைவிட ஜாஸ் பேஸ் இவர்களுக்குப் பொருந்திப்போனதற்கு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு.

பத்து நொடி நினைவகம்

ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவிகள் சாம்ப்ளர்கள். அன்றைய நியூயார்க் தயாரிப்பாளர்களின் கையில் இருந்த முக்கியமான இரண்டு சாம்ப்ளர்கள் இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200-உம் அகாய் நிறுவனத்தின் எஸ்950-உம். ட்ரைப்பும் இவற்றைத்தான் நம்பியது.

எஸ்பி-1200 1987-இல் வந்தது. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மோனோ. மொத்த நினைவகம் 10 நொடி. அதிலும் ஒரு துண்டு 2.5 நொடிக்கு மேல் போக முடியாது. இந்த எண்ணை ஒரு பாட்டோடு பொருத்திப் பாருங்கள்: நிமிடத்துக்கு 96 துடிப்பு என்ற வேகத்தில், நான்கு துடிப்பு கொண்ட ஒரு சுற்று மிகச் சரியாக 2.5 நொடி எடுக்கும். அந்த வேகத்தில் ஒரு துண்டுக்கு ஒரு சுற்றுதான் அடங்கும். வேகம் 90-க்கு இறங்கினால் சுற்று 2.67 நொடியாகி, வால் வெட்டுப்படும். லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டின்) கடைசித் துடிப்பில் சிம்பல் ஓசை திடீரென்று அறுந்து ‘டிக்’ என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பற்றாக்குறையைச் சமாளிக்க எல்லோரும் செய்த வேலை ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவார்கள். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.35. ஆக 10 நொடி நினைவகம் 13.5 நொடி போல வேலை செய்யும். சுருதியை இறக்கவேண்டிய அளவு ஐந்து அரைச்சுரங்களுக்குச் சற்று மேல். இதற்கு விலை உண்டு. 26.04 கிலோஹெர்ட்ஸில் பதியும் கருவி 13 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைப் பிடிக்கும். அதையும் 1.35 மடங்கு இறக்கினால் உச்சி 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். மேல்ஸ்தாயியின் பளபளப்பு போய்விடும். கூடவே, கருவி சுருதியை இறக்கும் எளிய முறை காரணமாக மெல்லிய உலோகக் கிணுகிணுப்பு ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். ட்ரம்ஸுக்கு அந்த அழுக்கு அழகு சேர்க்கும். பளபளப்பை நம்பும் பியானோவுக்கோ குரலுக்கோ அது சேதம்.

ஆனால் பேஸுக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. இங்கேதான் கருவியின் குறையும் குழுவின் ரசனையும் கைகோத்தன. டபுள் பேஸுக்கு வேண்டியதெல்லாம் 40 ஹெர்ட்ஸிலிருந்து விரல் தட்டும் ஓசை இருக்கும் இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் வரைதான். எஸ்950-இல் பதிவு வீதத்தை 7.5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48 கிலோஹெர்ட்ஸ் வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். 7.5-இல் வைத்தால் கிடைக்கும் அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ், கிடைக்கும் நேரமோ 48-இல் கிடைப்பதைப் போல 6.4 மடங்கு. முழு இசைக்குழுவைச் சில நொடிகளுக்குமேல் பிடிக்க முடியாமல் தவிக்கும் கருவி, பேஸை மட்டும் கேட்டால் நீளமான வாக்கியமாகவே கொடுக்கும். ட்ரம்ஸ் எஸ்பி-1200-இல், பேஸும் நீண்ட லூப்புகளும் எஸ்950-இல், இரண்டையும் ஒரே தாளத்தில் ஓடும்படி மிடி கம்பியால் பூட்டுவது என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில் பரவலானதற்குக் காரணம் இதுதான்.

எஸ்பி-1200-இன் எட்டு வெளியீடுகளும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதல் இரண்டில், சுரம் அடங்க அடங்க மூடிக்கொள்ளும் வடிகட்டி உண்டு. நடுவில் உள்ள நான்கில் நிலையான வடிகட்டி. கடைசி இரண்டில் வடிகட்டியே இல்லை. கிக்கையும் பேஸையும் முதல் இரண்டில் விட்டால் இருள் கூடி உருண்டு வரும். ஹை-ஹாட்டைக் கடைசி இரண்டில் விட்டால் மணல் போலக் கரகரக்கும். இதை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே வெளியீட்டில் அனுப்பியவர்கள், தங்கள் பீட் ஏன் தட்டையாக இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இசைத்தட்டிலிருந்து பேஸைப் பிரிப்பது

ஒரு பழைய ஜாஸ் தட்டில் பேஸ் தனியாகக் கிடைப்பது அபூர்வம். அதைப் பிரிக்க மூன்று வழிகள். முதல் வழி, வாத்தியம் தனித்து ஒலிக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பது. பொறுமை வேண்டும், பலன் மிகச் சுத்தம். இரண்டாவது, ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தை மட்டும் எடுப்பது. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் வந்த பல ஸ்டீரியோ தட்டுகளில் வாத்தியங்களை இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ முழுதாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். பேஸ் இருக்கும் பக்கத்துக் கம்பியை மட்டும் செருகினால் சாக்ஸஃபோன் பாதிக்குமேல் மறைந்துவிடும். மோனோ கருவிக்கு இது வசதியும்கூட. மூன்றாவது, வடிகட்டியால் மேலே உள்ளதை வெட்டுவது.

மூன்றாவது வழியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 150 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டினால் மிச்சமிருப்பது உருமல் மட்டும். எந்தச் சுரம் என்றே காதுக்குத் தெரியாது. சுரத்தை அடையாளம் காட்டுவது அதன் மேல்ஒத்திசைகளும் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர் அதிர்வெண்கள்), விரல் தந்தியை விடும் அந்தச் சிறு ‘டப்’பும்தான். ஆகவே 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை விட்டுவைத்து, கசியும் மற்ற வாத்தியங்களைப் புது ட்ரம்ஸால் மூடுவது நல்லது. ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ இவ்வளவு உயிரோடு ஒலிப்பதற்குக் காரணம் அதில் விரலோசை சேதமில்லாமல் இருப்பதே.

அடுத்த தொல்லை இரைச்சல். இசைத்தட்டை வெட்டும்போது கீழ்ஸ்தாயியைத் தாழ்த்திப் பதிவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகிவிடும். திரும்ப இயக்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதை உயர்த்திச் சரிசெய்யும். 20 ஹெர்ட்ஸ் அருகே இந்த உயர்வு ஏறத்தாழ 20 டெசிபல். பேஸோடு சேர்ந்து மோட்டாரின் உறுமலும் தட்டின் நெளிவும் அதே அளவுக்கு உயரும். ஒரு தட்டில் இது கவனத்துக்கு வராது. நான்கு தட்டுகளின் துண்டுகளை ஒரே பாட்டில் அடுக்கினால் நான்கு இரைச்சலும் கூடும், லூப் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே கீறல் அதே இடத்தில் ‘டிக்’ அடிக்கும்.

பாப் பவரின் உழைப்பு இங்கேதான். ஒவ்வொரு துண்டும் வந்து விழும்போது அதன் இரைச்சலைத் தணித்து, தேவையற்ற அதிர்வெண்ணைச் செதுக்கி, ஒன்றோடொன்று சுருதி சேர்ந்திருக்கிறதா என்று சோதித்து, பிறகே டேப்பில் ஏற்றுவது. ஹிப் ஹாப் பதிவுகளில் பொறியாளர்கள் அன்றுவரை அவ்வளவு மெனக்கெடவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு மனிதர்கள் வாசித்த துண்டுகள் இந்த ஆல்பத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தது போலக் கேட்கின்றன என்றால், அந்தப் பொருத்தம் தானாக வந்ததல்ல.

ஆறை எட்டாக்குவது

‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ பேஸ், ஆர்ட் பிளேக்கியும் ஜாஸ் மெஸஞ்சர்ஸும் 1973-இல் தந்த ‘எ சாண்ட் ஃபார் பு’ என்ற உருப்படியிலிருந்து வந்தது. மூலம் ஆறு எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஓடுகிறது. நம் சொல்லில் சொன்னால் திஸ்ர நடை. ஹிப் ஹாப் பீட்டோ நான்கு நான்காக நடக்கும் சதுஸ்ரம். அப்படியே லூப் செய்து மேலே பீட்டைப் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே பேஸ் தடம் புரளும். க்யூ-டிப் என்ன செய்தார் என்றால், வாக்கியத்தின் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்த்து ஆறை எட்டாக நீட்டினார். ஒரு சாதாரண லூப்பில் முடிவு வந்து தொடக்கத்தில் இடிக்கும். இங்கே வாக்கியம் முடியும் நேரத்தில் இன்னொரு மூச்சு எடுத்துக்கொண்டு திரும்புகிறது. மூலத்தைக் கேட்டவர்களுக்குத்தான் ஒட்டு தெரியும்.

பிளேக்கியின் பேஸோடு சேர்ந்திருக்கும் ட்ரம்ஸ், ஷேட்ஸ் ஆஃப் பிரவுன் என்ற குழுவின் பாட்டிலிருந்து வந்தது. இடையில் வரும் குரல் தி லாஸ்ட் போயட்ஸ் குழுவினுடையது. மூன்றே மூலங்கள். ‘பகின் அவுட்’ பாட்டின் பேஸ், ஜாக் டிஜானெட்டின் டைரக்‌ஷன்ஸ் குழு வாசித்த ‘மின்யாஸ் தி மூச்’. ‘வைப்ஸ் அண்ட் ஸ்டஃப்’ கிராண்ட் கிரீனின் கிட்டாரின் மேல் மிதக்கிறது. ‘செக் தி ரைம்’ பாட்டில் மினி ரிப்பர்ட்டனின் ‘பேபி, திஸ் லவ் ஐ ஹேவ்’ அடித்தளம், ஆவரேஜ் ஒயிட் பேண்டின் ஊதுவாத்தியங்கள் பல்லவி. ‘ஜாஸ்’ என்ற பாட்டின் முடிவில் பீட்டுக்காகத் தயாரிப்பாளர் பீட் ராக்கின் பெயர் சொல்லப்படுகிறது. அந்த வட்டத்தில் யோசனைகள் வீடு வீடாகக் கைமாறிக்கொண்டிருந்ததற்கு அது சாட்சி. ஸ்கெஃப் ஆன்செல்ம் தயாரித்த இரண்டு பாட்டுகளைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் குழுவின் கைவண்ணம்.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் தட்டை விட்டுவிட்டு நேரே ஆளையே அழைத்துவிட்டார்கள். ‘வெர்ஸஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்’ பாட்டில் வாசிப்பவர் ரான் கார்ட்டர். 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் பேஸ் வாசித்தவர். மிக அதிகப் பதிவுகளில் இடம்பெற்ற ஜாஸ் பேஸ் கலைஞர் என்று 2015-இல் கின்னஸ் அவரைப் பதிவுசெய்தபோது கணக்கு 2,221. பாட்டில் கெட்ட வார்த்தை இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் வந்தார். லூப்புக்கும் ஆள் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்க இந்தப் பாட்டும் ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ஸும் நல்ல ஜோடி. ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ பேஸ் ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வருகிறது. கார்ட்டரின் பேஸ் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வழுக்குகிறது, கொஞ்சம் தாமதிக்கிறது, குரலுக்குப் பதில் சொல்கிறது.

காலியிடத்தில் நிற்கும் இரண்டு குரல்கள்

பின்னணியில் இவ்வளவு வெற்றிடம் இருந்தால் குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆண் குரலின் உடல் 100 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கினாலும் சொல்லின் தெளிவு ஓரிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அந்தப் பகுதியைக் கிட்டாரோ கீபோர்டோ அடைத்துக்கொள்ளாததால் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தெரிகிறது. மூச்சு வாங்குவதும் தெரியும், தடுமாறினால் அதுவும் தெரியும்.

முதல் ஆல்பத்தில் ஃபைஃப் அதிகம் தலைகாட்டவில்லை. பாட்டுகளில் பெரும்பாலானவை க்யூ-டிப்பின் பொறுப்பு. 1990-இல் ஃபைஃபுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு வந்த இந்த ஆல்பத்தில் அவர் வேறு மனிதராக நிற்கிறார். ‘பகின் அவுட்’டின் முதல் வரியே அவருடையது, ‘பட்டர்’ முழுக்க அவர் தனியாகப் பாடியது. க்யூ-டிப்பின் குரல் மூக்கோசையும் மென்மையும் கொண்டது, வரிகள் பின்னிக்கொண்டு போகும். ஃபைஃபின் குரல் உயர்ந்தது, கூர்மையானது, வரி முடியும் இடத்தில் ஆணி அடித்தது போல நிற்கும். ‘செக் தி ரைம்’ பாட்டில் இருவரும் கேள்வியும் பதிலுமாக மாறி மாறி வருவதைக் கேட்டால், இரண்டு குரல்களும் வெவ்வேறு அதிர்வெண் பகுதிகளில் நிற்பதால் பீட்டுக்கே இன்னும் இரண்டு வாத்தியங்கள் கிடைத்தது போல இருக்கும். இந்த ஆல்பத்தை நிலைநிறுத்தியதில் ஃபைஃபின் பங்கு பேஸின் பங்குக்குக் குறைந்ததல்ல. 2016 மார்ச் 22 அன்று, 45 வயதில், அவர் மறைந்தார்.

பாடுபொருள்களில் இசைத்தொழில்மீதான கசப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ‘ராப் ப்ரமோட்டர்’, ‘ஷோ பிசினஸ்’ இரண்டும் நேரடியாக அதைப் பேசுகின்றன. ‘செக் தி ரைம்’ பாட்டில் க்யூ-டிப் சொல்லும் ‘தொழிலின் 4080-ஆவது விதி’, அதாவது இசை நிறுவனத்து ஆட்களை நம்பாதே என்பது, ஹிப் ஹாப் உலகில் பழமொழியாகவே ஆகிவிட்டது. எல்லா வரிகளையும் தூக்கிப் பிடிக்க முடியாது. ‘ஷோ பிசினஸ்’ இருக்கும் இடத்தில் முதலில் ‘ஜார்ஜி போர்ஜி’ என்ற பாட்டு இருந்தது. ஒருபாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்திய அந்தப் பாட்டை நிறுவனம் ஏற்க மறுத்தது, அதே பீட்டுக்குப் புது வரிகள் எழுதப்பட்டன. அந்த மறுப்பு ஆல்பத்துக்கு நன்மையே செய்தது. தேதி குறித்துச் சந்திக்கும் இடத்தில் நடக்கும் பாலியல் வன்முறையைப் பேசவந்த பாட்டும் இன்று கேட்கையில் நெருடுகிறது. பேசவந்த பொருளின் கனத்தை அதன் தொனி தாங்கவில்லை.

மூன்று மாத இடைவெளி

ஒரு சாம்பிளுக்கு, அதாவது பிறர் பதிவிலிருந்து எடுத்த துண்டுக்கு, பின்னால் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பதிவின் உரிமை, பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். மற்றது இசையமைப்பின் உரிமை, எழுதியவரிடமோ அவருடைய பதிப்பாளரிடமோ இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கவேண்டும். ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால் பாட்டு வெளிவராது. பேஸை வேறொருவரை வைத்துப் புதிதாக வாசித்துவிட்டால் முதல் உரிமை தேவையில்லை, இரண்டாவது அப்போதும் தேவை. இந்த வேறுபாடு தெரியாமல் ‘நாங்களே வாசித்துவிட்டோம், யாரையும் கேட்கவேண்டாம்’ என்று நினைப்பது இன்றும் நடக்கும் தவறு.

ட்ரைப் இதை முதல் ஆல்பத்திலேயே அனுபவித்துவிட்டது. ‘கேன் ஐ கிக் இட்?’ பாட்டு, லூ ரீடின் ‘வாக் ஆன் தி வைல்ட் சைட்’ பேஸின் மேல் நிற்கிறது. அதன் வருமானம் முழுவதும் லூ ரீடுக்கே போனது என்று ஃபைஃப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் புகழ்பெற்ற பேஸ் வரியை டபுள் பேஸிலும் எலெக்ட்ரிக் பேஸிலும் மேலுக்குமேல் வாசித்தவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். கூலிக்கு வாசித்த அவருக்கு உரிமைப் பங்கு எதுவும் இல்லை. பேஸ் வாசித்தவர்கள் பலருடைய கதை இதுதான்.

1991 டிசம்பர் 17 அன்று, ‘தி லோ எண்ட் தியரி’ வெளிவந்து மூன்று மாதம்கூட முடியாத நேரத்தில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கு. ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் நிறுவனங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குக் கேட்கத் தொடங்கின. இருபது முப்பது துண்டுகளை அடுக்கும் கட்டுமானம் பொருளாதார ரீதியில் முடியாத காரியமானது. ஒன்றிரண்டு மூலங்களை எடுத்து அவற்றின் பேஸை நடுவில் நிறுத்தும் ட்ரைப்பின் சிக்கனம், ரசனையால் பிறந்தது என்றாலும், வந்த காலத்துக்கு அதுவே தாக்குப்பிடிக்கும் வழியாயிற்று.

வெளிவந்தபோது பில்போர்டு 200 பட்டியலில் 45-ஆம் இடம்வரைதான் ஏறியது. 1992 பிப்ரவரியில் ஐந்து லட்சம், 1995-இல் பத்து லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் கிடைத்தது. 2022-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது.

எதில் கேட்பது, எப்படிக் கேட்பது

ஃபோனின் சிறு ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்டால் பாதி ஆல்பம் காணாமல் போய்விடும். அத்தகைய ஸ்பீக்கர்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேல்ஒத்திசைகளை வைத்து மூளை பேஸ் சுரத்தை ஊகித்துக்கொள்ளும், ஆனால் அதன் கனம் வராது. காதை மூடும் ஹெட்ஃபோன் போதும். ‘பேஸ் பூஸ்ட்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மொத்தமாக உப்பவைக்கும், கிக்கும் பேஸும் பிரிந்து நிற்கவேண்டிய இடமே அதுதான். ஒலியை மிகக் குறைத்தும் கேட்கவேண்டாம். தாழ்ந்த ஒலியில் நம் காது கீழ்ஸ்தாயிக்கு மந்தமாகிவிடும். மெதுவாகப் பேசும் அளவில், 50 ஹெர்ட்ஸ் ஒலி 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நிகராகக் கேட்கவேண்டுமென்றால் 30 டெசிபலுக்குமேல் கூடுதல் அழுத்தம் தேவை.

பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அறையைக் கவனிக்கவேண்டும். 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் அருகே தானாக ரீங்கரிக்கும், டபுள் பேஸின் அடித்தந்தியும் ஏறத்தாழ அங்கேதான். ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் சில சுரங்கள் மட்டும் இடி போல முழங்கும், அடுத்த சுரம் காணாமல் போகும். சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுத்து, நாற்காலியை அறையின் நட்டநடுவிலிருந்து சற்று நகர்த்தினாலே ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ பேஸின் எல்லாச் சுரங்களும் ஒரே உயரத்தில் நடக்கத் தொடங்கும். அதையே சோதனைப் பாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

பிறகு 14 பாட்டுகளையும் வரிசை மாற்றாமல், 48 நிமிடமும் ஒரே மூச்சில் கேளுங்கள். கடைசியில் வரும் ‘சினாரியோ’வுக்கு அந்த வரிசை தேவைப்படுகிறது. 13 பாட்டுகளாகக் காத்த அமைதியை அது ஒரே அடியில் உடைக்கிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பாட்டிலிருந்து எடுத்த ட்ரம்ஸ் முன்னே வந்து முட்டுகிறது. லீடர்ஸ் ஆஃப் தி நியூ ஸ்கூல் குழுவிலிருந்து மூவர் உள்ளே நுழைகிறார்கள். ஃபைஃப் தொடங்கி வைக்க, ஐந்து குரல்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, பல்லவியில் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். இறுதியில் பஸ்டா ரைம்ஸ் என்ற இளைஞர் உறுமிக்கொண்டு வந்து, இத்தனை நேரம் காலியாக விடப்பட்டிருந்த இடத்தையெல்லாம் தன் குரலாலேயே நிரப்பிவிட்டுப் போகிறார்.